ஸ்கேனரா, மல்டிமீட்டரா? மலைப்பாதையில் திடீரெனக் கியர் மாற மறுத்த பிக்கப்

நீலகிரியின் கேத்தியிலிருந்து கேரட் மூட்டைகளுடன் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் ஆட்டோமேட்டிக் பிக்கப்பில், டாஷ்போர்டு விளக்குகள் ஒருசேர எரிந்து, கியர்பாக்ஸ் ஒரே கியரில் நின்றுவிட்டால், மெக்கானிக் முதலில் எடுப்பது வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரா, வோல்ட்டும் மின்தடையும் அளக்கும் மல்டிமீட்டரா என்பதைப் பொறுத்தே உரிமையாளரின் செலவு அமைகிறது. மின்கோளாறும் கியர் கோளாறும் ஒரே நொடியில் சேர்ந்து வந்தால் மல்டிமீட்டருக்கே முதலிடம் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்கேனர், வண்டியின் கணினி பதிந்துவைத்த கோளாறுக் குறியீட்டைச் சொல்லும். எந்த வயரில் மின்சாரம் தடைபடுகிறது என்பதைச் சொல்லாது. பி0700 என்பது கியர் மாற்றத்தை இயக்கும் கணினியில் வேறொரு குறியீடு இருக்கிறது என்ற அறிவிப்பு மட்டுமே. யு0101 என்பது அக்கணினியுடன் தொடர்பு அறுந்தது என்ற செய்தி. இவ்விரண்டையும் பார்த்த மாத்திரத்தில் கியர்பாக்ஸை இறக்கச் சொல்வது பிழை. இன்ஜின் குறியீடுகளை மட்டும் படிக்கும் மலிவான ஸ்கேனர் இங்கே பயன்படாது.

சென்ற ஜனவரியில், உறைபனி விழுந்த ஒரு விடியலில், அரவங்காட்டைத் தாண்டியதும் எங்கள் வண்டிக்கு இதுவே நேர்ந்தது. ஸ்கேனர் வைத்துப் பார்த்த இடத்தில் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றார்கள். குன்னூரில் ஓர் எலக்ட்ரீஷியன், மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் சிவப்பு முனையைக் கியர்பாக்ஸின் உடலிலும் வைத்துக்கொண்டு, என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத அளவு 1.4 ஆக ஏறியது. கியர்பாக்ஸைப் பேட்டரியின் மைனஸுடன் இணைக்கும் எர்த் வயரின் உறையைக் கீறியதும் செப்பிழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. வயரை மாற்றினார், கியர்கள் பழையபடி மாறின.

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டும், இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட்டும் காட்ட வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கணினிகளை இணைக்கும் இரு கேன் (CAN) கம்பிகளுக்கு நடுவே மின்தடையை அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஏதோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. ஆனால் சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினால் குறியீடுகள் அழிந்துவிடும் என்பதால், அதற்கு முன் ஸ்கேனரில் அவற்றைப் படித்து எழுதிக்கொள்வது அவசியம்.

விட்டுவிட்டு வரும் கோளாறில் மட்டும் ஸ்கேனரே மேல். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, கியர் ஆயிலின் சூட்டையும், கியர்பாக்ஸுக்குள் நுழையும் சுழற்சியின் வேகத்தையும் வெளியேறும் சுழற்சியின் வேகத்தையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே காட்ட மீட்டரால் இயலாது. வோல்ட்டேஜும் எர்த்தும் சரியாக இருந்தும், அந்த வேகங்கள் கியருக்குப் பொருந்தாமல், ஆயிலும் கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால், கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கலாம்.