தலையில் மைக்ரோநீட்லிங்: அறுநூறு ரூபாய் ரோலரும் ஆறு அமர்வுகளும்

முடி வளர்ச்சிக்காகத் தலையில் தடவும் மருந்தான மினாக்சிடிலின் 5 சதவீதக் கரைசலை ஓராண்டுக்கும் மேலாக இரு வேளையும் தடவி வந்தும், முடி கொட்டுவது குறைந்ததே தவிர, உச்சந்தலையில் விழுந்த சொட்டை மூடவில்லை. அதனால், தலைத் தோலில் நுண்ணிய ஊசிகளால் குத்தி முடி வளர்ச்சியைத் தூண்டும் மைக்ரோநீட்லிங் எனப்படும் நுண்ணூசிச் சிகிச்சையை, முதலில் வீட்டிலேயே ரோலர் (ஊசிகள் பதித்த சிறு கையுருளை) வாங்கிச் செய்து பார்த்தேன். பிறகு கோயம்புத்தூரில் ஒரு தோல் சிகிச்சை நிலையத்தில் ஆறு அமர்வுகள் எடுத்துக்கொண்டேன். இரண்டுக்கும் பெயர் ஒன்றே என்றாலும் அனுபவம் ஒன்றல்ல.

இணையத்தில் 600 ரூபாய்க்கு வாங்கிய ரோலரின் பெட்டியில் 0.5 மில்லிமீட்டர் நீளத்தில் 540 டைட்டானியம் ஊசிகள் என்று அச்சிட்டிருந்தது. கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் பொருத்திக்கொள்ளும் லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தபோது, அதில் ஊசி என்று சொல்லத்தக்கது எதுவுமே இல்லை. ரம்பத்தைப் போலப் பல் வெட்டிய மெல்லிய தகட்டு வட்டங்களை வரிசையாகக் கோத்து உருளையாக்கியிருந்தார்கள். ஊசிகளைத் தனித்தனியாகப் பதித்த ரோலர்களில் வழக்கமாக 192 ஊசிகளே இருக்கும் என்பதையும், எண்ணிக்கை கூடக்கூடச் சந்தேகப்பட வேண்டும் என்பதையும் பின்னரே தெரிந்துகொண்டேன். இரண்டாவது மாதத்தில் ஒரு பல் வளைந்துவிட்டது. அதைவிட மோசமானது, உருளை உருளும்போது நீளமான முடிகள் அதன் அச்சில் சுற்றிக்கொண்டு வேரோடு வந்ததுதான். எந்த முடியைக் காப்பாற்ற வாங்கினேனோ அந்த முடியையே அது பிடுங்கியது. குப்பையில் போட்டுவிட்டேன்.

இந்தச் சிகிச்சையின் மீது பலருக்கும் நம்பிக்கை வரக் காரணம், 2013இல் வெளியான மும்பை ஆய்வு. தலை உச்சியில் சொட்டை விழுந்த ஆண்கள் 100 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மினாக்சிடில் மட்டும், மற்றவர்களுக்கு மினாக்சிடிலுடன் வாரம் ஒருமுறை 1.5 மில்லிமீட்டர் ரோலர் சிகிச்சையும் அளித்தார்கள். 12 வாரங்களில் குறித்த இடத்தில் கூடிய முடிகளின் சராசரி, முதல் பிரிவில் 22.2, இரண்டாம் பிரிவில் 91.4. ஊசி மட்டும் குத்திக்கொண்ட மூன்றாவது பிரிவு அந்த ஆய்வில் இல்லை. ஆகவே மருந்தை நிறுத்திவிட்டு ஊசியை மட்டும் நம்பலாம் என்று அந்த எண்களைக் காட்டி யாராவது சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. நுண்ணிய காயங்களை ஆற்றுவதற்காக உடல் அனுப்பும் வளர்ச்சிக் காரணிகள் மயிர்க்கால்களைத் தூண்டுகின்றன என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். மயிர்க்கால் அறவே அழிந்து பளபளப்பாகிவிட்ட இடத்தில் தூண்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

சிகிச்சை நிலையத்தில் எனக்குப் பிடித்தது, மருத்துவர் முதல் நாளே ஊசியைக் கையில் எடுக்காததுதான். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறேனா என்று கேட்டுவிட்டு, பொடுகினால் சிவந்திருந்த தலையைப் பார்த்ததும் கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அமர்வு நாளில் மரத்துப்போகும் களிம்பைத் தடவி, அதன் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். பயன்படுத்தியது ரோலர் அல்ல, மோட்டாரில் இயங்கும், பேனா வடிவ ஊசிக் கருவி. ரோலரின் ஊசி சாய்வாக நுழைந்து சாய்வாக வெளியேறுவதால் தோலைக் கீறுகிறது. பேனாவின் ஊசி நேராக இறங்கி நேராக ஏறுகிறது. உச்சியில் வலி பொறுத்துக்கொள்ளும்படி இருந்தது. நெற்றி ஓரத்தில் தோலுக்கு அடியில் உடனே எலும்பு என்பதால், முடிவெட்டும் இயந்திரத்தைப் போன்ற அந்த ரீங்காரம் மண்டைக்குள் எதிரொலித்தது. குத்திய இடங்களில் கடுகைவிடச் சிறிய சிவப்புப் புள்ளிகள் எழும்பின. கால் மணி நேரத்தில் அடங்கின.

குறைகளும் உண்டு. நான்காம் அமர்வில் உதவியாளர் ஊசி முனையை ஏற்கெனவே பேனாவில் பொருத்திக்கொண்டு வந்தார். புதியதுதானா என்று கேட்டதற்குத் தெளிவான பதில் வராததால், உறையை என் கண் முன்னே பிரிக்கும்வரை தலையைக் கொடுக்க மறுத்தேன். கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் பிஆர்பி ஊசியையும் (நம் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணுச் செறிவைத் தலையில் செலுத்துவது) சேர்த்தால் தள்ளுபடி என்று வற்புறுத்தினார்கள். இவ்வளவு பேசியவர்கள், அன்று ஹெல்மெட் போடக்கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. முதல் அமர்வு முடிந்து, மாதக்கணக்கில் துவைக்காத ஹெல்மெட்டைப் பச்சைப் புண் போலிருந்த தலையில் மாட்டிக்கொண்டு வண்டியில் வீடு திரும்பினேன். மறுநாள் பின்னந்தலையில் மூன்று சீழ்க் கொப்புளங்கள்.

மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு அமர்வுகள். அமர்வுக்கு 2,500 ரூபாய் வீதம் 15,000 ரூபாய். ஊசி போட்ட அன்று மினாக்சிடில் தடவாமல் 24 மணி நேரம் கழித்தே மீண்டும் தொடங்கினேன். குளியலறையின் ஒரே விளக்கின் கீழ், ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களை ஒப்பிட்டால், உச்சியில் பூனைமுடியாக இருந்தவை தடித்திருக்கின்றன; முன்பு ஐந்து ரூபாய் நாணயத்தை விடப் பெரிதாகத் தெரிந்த தோல் இப்போது தலைவாரினால் மறைகிறது. நெற்றியின் இரு மூலைகளிலும் எந்த மாற்றமும் இல்லை, அங்கே செலவிட்ட நேரம் வீண். என் கணக்கில் ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். ஊசி முனை விவகாரம் இல்லாதிருந்தால் நான்கு தந்திருப்பேன்.

ஏழாவது அமர்வுக்கு ஞாயிற்றுக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். பேருந்தில் போய்ப் பேருந்திலேயே திரும்புவதாக ஏற்பாடு.