கூட்டத்தைக் கூட்டுவதா, குழுவை வளர்ப்பதா?

பத்துப் பேர் சேர்ந்து மக்கள் அறிவியல் குழு ஒன்றை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குளத்து நீரைச் சோதிக்கிறார்கள், பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். கையில் இருப்பது ஒரு வார இறுதியும் கொஞ்சம் பணமும். ஊரைக் கூட்டிப் பெரிய நிகழ்ச்சி நடத்தலாம். அல்லது இருப்பவர்களே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக் கற்கலாம். இரண்டும் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும்போதுதான் குழுவின் தலையெழுத்தே மாறுகிறது.

வெளியே கொண்டுசெல்வதன் வலிமைக்கு கேலக்ஸி ஜூ என்ற இணையத் திட்டம் நல்ல சாட்சி. 2007 ஜூலையில், விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பார்த்து வகை பிரித்துத் தரும்படி பொதுமக்களை அழைத்தார்கள். செய்தி பரவிய முதல் நாளிலேயே மணிக்கு 70,000 வகைப்பாடுகள் வந்து குவிந்தன. ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் 5 கோடிக்கும் மேல் செய்துமுடித்தார்கள். எந்தச் சிறு குழுவும் எத்தனை ஆண்டு உழைத்தாலும் இதை எட்டியிருக்காது. ஆனால் இது நடந்ததற்குக் காரணம் உண்டு. சுருள் வடிவமா, நீள்வட்டமா என்று பார்க்கச் சில நிமிடங்களில் பழகிவிடலாம். ஒரே படத்தைப் பலர் பார்த்ததால் தனி ஒருவரின் பிழை அடிபட்டுப்போனது.

அதே திட்டத்தின் மறுபக்கம்தான் எனக்கு அதிகம் பிடித்தது. ஹானி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, ஒரு படத்தில் தெரிந்த விசித்திரமான திட்டு என்னவென்று கேட்டார். வகை பிரிக்கும் கேள்விகளில் அதற்கு இடமே இல்லை. இன்று அது அவர் பெயராலேயே அறியப்படுகிறது. பச்சைப் பட்டாணி போலத் தெரிந்த சின்னஞ்சிறு மண்டலங்களையும் பங்கேற்பாளர்கள் தங்களுக்குள் பேசிப் பேசியே சேகரித்தார்கள், பொருந்தாதவற்றைக் கழித்தார்கள். 2009இல் அவற்றைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே வந்தது. ஆட்களைக் கொண்டுவந்தது அழைப்பு. கண்டுபிடிப்பைக் கொண்டுவந்தது அவர்களுக்குள் நடந்த பேச்சு.

சில வேலைகளைத் துண்டறிக்கையில் எழுதிக் கொடுத்துக் கற்பிக்கவே முடியாது. குரலை வைத்துப் பறவையை அறிவதும், பறக்கும் கூட்டத்தை ஒரு பார்வையில் எண்ணுவதும் அப்படிப்பட்டவை. 1900இல் அமெரிக்கப் பறவையியலாளர் பிராங்க் சாப்மன் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பில் முதல் ஆண்டு கலந்துகொண்டவர்கள் 27 பேர் மட்டுமே. அது இன்றும் நடக்கிறது. புதியவர் அனுபவசாலியோடு சேர்ந்து நடக்கிறார்; அடுத்த சில ஆண்டுகளில் அவரே இன்னொருவருக்குக் காட்டித்தருகிறார்.

இந்தப் பாதையில் பள்ளமும் இருக்கிறது. நீரில் நனைத்த சோதனைத் தாளின் நிறத்தை ஒரு நிமிடத்தில் பார்க்க வேண்டும் என்றால், மூன்று நிமிடம் கழித்துப் பார்க்கும் பழக்கம் குழுவில் மூத்தவருக்கு இருக்கலாம். அவரிடம் கற்ற அத்தனை பேருக்கும் அது ஒட்டிக்கொள்ளும். எல்லோர் முடிவும் ஒத்துப்போவதால் யாருக்கும் சந்தேகமும் வராது. உயிரினங்களைப் படமெடுத்துப் பகிர்ந்து, பெயரைச் சேர்ந்தே கண்டறியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஓர் உயிரினத்தின் பெயர் உறுதிபெற, கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஒத்துப்போக வேண்டும். பின்னால் வருபவர் தானே ஆராயாமல் முன்னவர் சொன்னதையே வழிமொழிந்தால் அந்த விதியும் காப்பாற்றாது. இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு: அவ்வப்போது ஒரே நீர் மாதிரியை எல்லோரும் தனித்தனியே அளந்து, காட்டாமல் எழுதிவைத்து, பிறகு ஒப்பிடுவது. முதல் தடவை கொஞ்சம் சங்கடமாக இருக்கும். தயங்காமல் செய்யுங்கள்.

பெரிய நிகழ்ச்சியின் செலவு வேறு மாதிரி. நகரங்களில் உள்ள உயிரினங்களை மக்கள் படமெடுத்துப் பதிவுசெய்யும், 2016இல் தொடங்கிய சிட்டி நேச்சர் சேலஞ்ச் நிகழ்வில் நான்கே நாட்களில் படங்கள் வெள்ளமாய் வந்து சேர்கின்றன. அவற்றுக்குப் பெயர் சொல்லும் பாரம், பயிற்சி பெற்ற கண்களின் மேல் விழுகிறது. அந்தக் கண்கள் விழாக்களில் உருவாவதில்லை. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த யாரோ உருவாக்கியவை. அதனால்தான் உள்ளே கற்பதை முதலில் வைக்கச் சொல்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சமரசம் இல்லை. ஆட்களைச் சேர்க்க வெளியே போவது வேறு, கண்டதைத் திருப்பிச் சொல்லப் போவது வேறு. ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின் 2011இல் உருவான சேஃப்காஸ்ட் என்ற அமைப்பு, தன்னார்வலர்கள் கதிர்வீச்சை அளந்த தரவை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவைத்தது. அளக்கும் கருவியைத் தங்கள் கையாலேயே பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்யக் கற்றுக்கொண்டவர்களும் அதில் உண்டு. உங்கள் குளத்து நீரில் என்ன இருக்கிறது என்பது அந்தக் கரையில் வாழ்பவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதை எந்தக் காரணம் சொல்லியும் தள்ளிப்போடாதீர்கள்.

ஆட்சேர்ப்பு நிகழ்ச்சியை மூன்று மாதம் தள்ளிவைக்கலாம். அதற்குள் பத்துப் பேரும் ஒரே மாதிரி அளக்கப் பழகட்டும். பிறகு அழைக்கும்போது, ஒருவரால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள முடிவது மூன்று பேரைத்தான் என்றால், முப்பது பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.