கலட்டி ஒழுங்கையில் ஒரு போடிங்: ஓராண்டு இருந்தவரின் மதிப்பீடு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகி மலையகத்து ஹற்றனிலிருந்து வந்த நான், முதலாமாண்டு முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கு அருகே கலட்டியில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும், மாணவர் வாடகைக்குத் தங்கும் வீட்டுப் போடிங்கில் கழித்தேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் வீட்டுக்காரரின் பெயரையோ இலக்கத்தையோ இங்கே குறிப்பிடவில்லை. பரமேஸ்வராச் சந்தியைச் சுற்றி இதே அமைப்பிலுள்ள வீடுகள் பல இருப்பதால், அறை தேடி வரும் புதியவர்களுக்கு இந்த விபரங்கள் எப்படியும் உதவும்.

1974 இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் தொடங்கிய வளாகம் குடிமனைகளுக்கு நடுவிலேயே வளர்ந்தது. அதனால் விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் அயல் வீடுகளையே நம்பியிருக்கிறார்கள். ஆயினும் முற்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் பீடம் எங்கே இருக்கிறது என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பொறியியல், விவசாயம், தொழினுட்பம் ஆகியவை கிளிநொச்சி அறிவியல் நகரிலும், சித்த மருத்துவம் கைதடியிலும், இசையும் நடனமும் மருதனார்மடத்திலும் இயங்குகின்றன. என் பாடசாலைத் தோழி ஒருத்தி விவசாய பீடத்துக்குத் தெரிவாகிவிட்டு, இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்து, ஒரு மாத வாடகையை வீணாகக் கொடுத்தாள்.

இருவர் தங்கும் அறைக்கு ஆளுக்கு மாதம் 7,000 ரூபாய். மூன்று மாத முற்பணம். கறண்ட் பில் தனி. மகாபொலப் புலமைப்பரிசில் பணம் முதல் சில மாதங்களில் கைக்கு வராது என்பதைக் கணக்கில் வைத்தே இந்தத் தொகையை எடைபோட வேண்டும். அறையில் ஆளுக்கொரு கட்டிலும் மேசையும் உண்டு, மின்விசிறி ஒன்று. வைஃபை உண்டு என்றார்கள், ஆனால் அது வீட்டுக்காரரின் மண்டபத்தைத் தாண்டியதில்லை.

மலையிலிருந்து வருபவர்கள் வெயிலுக்குப் பயப்படுவார்கள். என்னைத் திணறடித்தது தண்ணீர்தான். யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல் ஆதலால் கிணற்று நீர் கடினமானது. சவர்க்காரம் இலேசில் நுரைக்காது, தலைமயிர் பிசுபிசுக்கும், புதிதாக வாங்கிய கேத்தலின் அடியில் இரண்டு வாரத்திலேயே வெள்ளையாகப் படிந்துவிட்டது. அது வீட்டுக்காரரின் குற்றமல்ல. ஆனால் காலையில் இருபது நிமிடம் மட்டும் மோட்டர் போட்டுவிட்டு, ஆறு பிள்ளைகள் எட்டு மணி விரிவுரைக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில் தாங்கி வெறுமையாகக் கிடப்பது அவருடைய குற்றமே. வாளியோடு கிணற்றடிக்குப் போய் அள்ளிக் குளிக்கப் பழகிக்கொண்டேன். மாரியில் ஒழுங்கையில் கணுக்கால் அளவுக்கு வெள்ளம் நிற்கும் என்பதால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவும் பழக வேண்டும்.

சாப்பாட்டில் பெரிய குறை சொல்ல முடியாது. காலை ஏழு மணிக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும் மேசையில் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும். வறுத்து அரைத்த கறித்தூளின் உறைப்பு முதல் மாதத்தில் என் வயிற்றைப் பதம் பார்த்தது உண்மை. ஆனால் வரவு 80 வீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை எழுத முடியாத நிலையில், காலைச் சாப்பாட்டுக்காகக் கடையில் வரிசையில் நிற்காமல் விரிவுரைக்குப் போகக் கிடைத்தது எவ்வளவு பெரிய வசதி என்பதை அறையில் தனியாகச் சமைத்த தோழிகளைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

அப்போது படலை இரவு 7.30க்குப் பூட்டப்படும். ஒருநாள் நூலகத்திலிருந்து இருபது நிமிடம் பிந்தி வந்து தட்டியபோது, வீட்டுக்கார அன்ரி கையில் ரோச் லைற்றுடன் வந்து, "இப்பதான் வாறீரோ பிள்ளை? ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாமே" என்றார். எங்கள் பக்கத்தில் 'நீர்' என்று யாரும் யாரையும் அழைப்பதில்லை. அது மரியாதையா கோபமா என்று தெரியாமல் அன்றிரவு சாப்பிடாமலே படுத்துவிட்டேன். அன்பாகவும் அப்படித்தான் கதைப்பார்கள் என்று விளங்க ஒரு மாதம் எடுத்தது. இருந்தாலும் இந்த நேரக் கட்டுப்பாடு விஞ்ஞான பீட மாணவருக்குப் பொருந்தாது. ஆய்வுகூட வகுப்பு முடிந்து சற்று நேரம் நூலகத்தில் இருந்தாலே மணி ஏழாகிவிடும்.

இவ்வளவு குறைகளுக்கும் ஈடாக இந்த வீட்டில் ஒன்று இருந்தது: முன் விறாந்தை. உயர்தரத்தைத் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கத் தொடங்கிய எங்களுக்கு முதல் அரையாண்டு இருட்டாகவே போனது. சார்பொன்றின் எல்லையைக் கணிப்பதற்குத்தான் பாடசாலையில் பழகியிருந்தோம்; இங்கே அதே எல்லையை வரைவிலக்கணத்திலிருந்து நிறுவிக் காட்ட வேண்டும் என்றார்கள். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்கு இலவசமாக நடத்தும் வகுப்பைக் குப்பி என்பார்கள். பக்கத்து அறை அக்கா அந்த விறாந்தையில் எங்களுக்குக் குப்பி நடத்தினார். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எல்லைக்கு மேலும் கீழும் எப்சிலன் தூரத்தில் கிடையாக இரண்டு கோடுகளை இழுத்து, "எப்சிலனை மற்ற ஆள் தருவார், சார்பு அந்தக் கோடுகளுக்குள்ள நிற்கிற மாதிரி, x எவ்வளவு கிட்ட வரவேணும் எண்ட டெல்ற்றாவை நீ தேடிக் குடுக்கவேணும்" என்று அவர் சொன்ன பிறகுதான், இரண்டு மாதமாகக் குறிப்பேட்டில் வெறுமனே பார்த்தெழுதிய வரிகள் எனக்கு அர்த்தமாயின. பரீட்சைக் காலத்தில் பதினொரு மணி வரையும் விறாந்தை விளக்கை எரியவிட அன்ரி சம்மதித்தார். பத்து மணியளவில் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் உள்ளே போய்விடுவார். அந்த மின்சாரத்துக்கு எங்களிடம் பணம் கேட்கவும் இல்லை.

ஆகவே, முதலாமாண்டில் தனிமை விரும்பும் மாணவிக்கு இந்த வீட்டைச் சிபாரிசு செய்ய மாட்டேன். மூன்று பேர் ஒன்றாகப் பாடம் பேசினால் அறைச் சுவர்கள் எதையும் மறைக்காது. துணை தேவைப்படுபவர் தாராளமாக எடுக்கலாம். ஆனால் அறையைப் பார்க்கப் போகும்போது காலை ஆறரைக்குப் போய், குழாயைத் திறந்து பாருங்கள். நான் இரண்டாமாண்டுக்கும் இங்கேயே இருக்கிறேன். படலை இப்போது எட்டரைக்குத்தான் பூட்டப்படுகிறது; மோட்டர் மட்டும் இன்னும் அதே இருபது நிமிடம்தான்.