கேரியரா, மெஸ்ஸா, ஆப்பா, ஞாயிறு சமையலா? சின்ன யூனிட் ஓனரின் மதியச் சாப்பாடு

திருப்பூரில் பத்துப் பதினைந்து தையல் மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டுபவர்களை மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். டெய்லர்களும் செக்கிங் பெண்களும் ஒரு மணிக்கே சாப்பிட்டுவிட்டு மறுபடி வேலையில் உட்கார்ந்திருப்பார்கள். ஓனர் மட்டும் சாப்பிட்டிருக்க மாட்டார். கட்டிங் பீஸ் வந்து சேரவில்லை, நூல் கலர் ஒத்துப்போகவில்லை, ஆர்டரைக் கவனிக்கும் கம்பெனி ஆளான மெர்ச்சன்டைசர் போனில் இருக்கிறார், கரண்ட் போய்விட்டது என்று ஏதாவது ஒன்று இருக்கும். காலை எட்டரைக்கு உள்ளே வந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத்தான் ஷட்டர் இறங்கும். நானும் இதே தொழிலில் இருப்பவன். எங்களைப் போன்றவர்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மளிகைக் கடை, பிரிண்டிங் பிரஸ், ஒர்க்ஷாப் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2000 கலோரிக்கான ஒரு நாள் தட்டை இப்படிப் பிரிக்கிறது: தானியம் 250 கிராம், காயும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு, முட்டை, கறி வகையில் 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கடலை, எள் போன்றவை 35 கிராம், எண்ணெய் 27 கிராம். நாம் சாப்பிடுவது இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நாடு முழுவதும் நடந்த நீரிழிவு ஆய்வின் 2025 அறிக்கைப்படி, இந்தியர்களுக்குக் கிடைக்கும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் ஓனருக்கு இது இன்னும் மோசம்.

இன்னோர் அளவுகோல் என்னுடையது. ஷிப்மென்ட் நாளில் இந்த வழி நிற்குமா? வேலை லேசாக இருக்கும் நாளில் எல்லா வழியும் நன்றாகத்தான் இருக்கும். சரக்கு இன்று இரவு லாரி ஏற வேண்டும் என்கிற நாளில் எது கைகொடுக்கிறதோ, அதுதான் நமக்கான வழி.

வீட்டுக் கேரியர்

எண்ணெய், உப்பு, காரம் எல்லாம் நம் கையில். இதை மிஞ்ச வேறு வழி கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள், ஓரளவு உண்மையும்கூட. ஆனால் கேரியருக்கு மூன்று சிக்கல்கள் உண்டு.

முதலாவது நேரம். காலை ஏழரைக்குக் கட்டிய சோற்றை மூன்று மணிக்குத் திறக்கிறோம். சித்திரை வெயிலில் ஷீட் போட்ட யூனிட்டுக்குள் அது என்ன ஆகும்? பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள், அதாவது சூட்டைத் தாங்கும் விதை போன்ற வடிவங்கள், சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அதில் வாந்தியைக் கொண்டுவரும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பயணத்துக்குப் புளிச்சோறு கட்டிய பெரியவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாவிட்டாலும், புளிப்பு கெடுதலைத் தள்ளிப்போடும் என்பது தெரிந்திருந்தது. அதற்காகத் தினமும் புளிச்சோறு கட்டினால் தட்டில் சோறு மட்டும்தான் மிஞ்சும்.

இரண்டாவது, டப்பாவின் அளவு. அடியில் இருக்கும் பெரிய டப்பாவில் சோறு, மேலே இருக்கும் குட்டி டப்பாவில் பொரியல் என்பதுதான் பழக்கம். இதை மாற்றிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. பெரிய டப்பாவில் பொரியலும் கூட்டும், சின்னதில் சோறு. கேரியரில் போகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மூன்றாவதைப் பேச நமக்குக் கொஞ்சம் கூச்சம். கேரியர் இலவசம் என்று நினைத்துக்கொள்கிறோம். காலை ஐந்து மணிக்கு எழுந்து அதைக் கட்டுபவர் பெரும்பாலும் மனைவியோ அம்மாவோதான். சின்ன யூனிட்களில் அதே மனைவி ஒன்பது மணிக்கு வந்து பில் போடுகிறார், சனிக்கிழமை சம்பளக் கணக்கும் பார்க்கிறார். அவருடைய ஒன்றரை மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் கேரியர்தான் மலிவு என்று சொல்வது நியாயமில்லை.

ஷிப்மென்ட் நாளில்? சாப்பாடு கையில் இருக்கும். பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். அந்த வகையில் கேரியர் நிற்கும். ஆனால் முந்தின நாள் இரவு பன்னிரண்டு மணிக்கு இருவரும் வீடு திரும்பியிருந்தால், மறுநாள் கேரியரே இருக்காது.

மெஸ்

எங்கள் ஊரில் மெஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. வெளியூர்த் தொழிலாளர்களை நம்பியே ஓடுகிற மெஸ்கள் சந்துக்கு ஒன்று இருக்கின்றன. மாதக் கணக்கு வைத்துக்கொண்டால் ஆள் அனுப்பியும் வாங்கலாம். சூடாக வரும், விலையும் கட்டுக்குள் இருக்கும். யார் தலையிலும் சமையல் வேலை விழாது.

ஒரு முறை பார்சல் சாப்பாட்டைப் பிரித்து, துணி எடை போடும் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். சோறு கிட்டத்தட்ட அரைக் கிலோ. பொரியல் 60 கிராம். சாம்பாரில் பருப்பு இருந்தது, தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அரைக் கிலோ வெந்த சோறு என்றால் ஏறக்குறைய 140 கிராம் மாவுச்சத்து, 650 கலோரி. அதைச் சாப்பிட்டுவிட்டு நான்கு மணிக்குக் கண் சொருகுகிறது என்றால் உழைப்புக் களைப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். பாதிக்கு மேல் அந்தச் சோற்று மலைதான் காரணம்.

ஆனால் மெஸ்ஸைத் திருத்த முடியும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மாதக் கணக்குக்காரருக்கு அங்கே மரியாதை உண்டு. “அக்கா, சோத்தப் பாதியாக் கொறச்சுருங்க, பொரியல் ரெண்டு கரண்டி சேத்து வெய்ங்க, முட்டை ஒண்ணு தனியாப் போட்டுக்குங்க” என்று மாத ஆரம்பத்தில் ஒரு முறை சொல்லிவைத்தால் போதும். காய்க்கும் முட்டைக்கும் தனியாகப் பணம் தருகிறோம் என்று நாமே முந்திச் சொல்லிவிட வேண்டும். அரிசி மலிவு, காய் விலை அதிகம், அவர்களும் தொழில்தான் செய்கிறார்கள். ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதில் கணிசமான பங்கை இவையே தின்றுவிடும்.

ஷிப்மென்ட் நாளில் மெஸ் நிற்கும். ஒரு மணிக்குப் பார்சல் மேஜைக்கு வந்துவிடும். அதைப் பிரிக்க வேண்டியது மட்டும்தான் நம் வேலை.

ஆப்

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாடு டெலிவரி ஆப்பில் நல்ல சாப்பாடும் இருக்கிறது: இட்லி, பயறு அடை, சுண்டல், தந்தூரி, முட்டை எல்லாம் கிடைக்கும். கெடுப்பது நாம் ஆர்டர் போடும் நேரம். மூன்று மணிப் பசியில் ஆப்பைத் திறக்கும் கை பிரியாணிக்கோ ஃப்ரைடு ரைஸுக்கோதான் போகும். வந்து சேர இன்னும் அரை மணிக்கு மேல் ஆகும். அதுவரை பிஸ்கட், டீ. பொரித்த உணவென்றால் எண்ணெயைப் பற்றியும் யோசிக்க வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில், எண்ணெய் சிதைவதால் உருவாகும் போலார் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. பார்சலைப் பார்த்து நம்மால் அதைச் சொல்ல முடியாது. உணவின் விலையும் பெரும்பாலும் கடையில் போய் வாங்குவதைவிடக் கூடுதல், அப்புறம் டெலிவரி, பேக்கிங் என்று தனித்தனியாகச் சேரும்.

ஆப்பைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால், வயிறு நிறைந்திருக்கும் காலை பதினொரு மணிக்கே தேர்ந்தெடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு ஒரு வழியாக வைத்துக்கொள்ளலாம், தினசரி வழியாக நான் இதைச் சொல்ல மாட்டேன்.

யூனிட்டிலேயே குக்கர்

எனக்குப் பிடித்த வழி இது, கொங்கு நாட்டுக்காரன் என்பதாலும் இருக்கலாம். எங்கள் அரிசி பருப்பு சாதம் இதற்கென்றே பிறந்தது போல இருக்கும். ஓர் ஆளுக்கு அரிசி 75 கிராம், துவரம்பருப்பு 40 கிராம். வழக்கத்தைவிடப் பருப்பு அதிகம்தான், தெரிந்தேதான் சொல்கிறேன். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் தாளித்து, தக்காளி, பீன்ஸ், கேரட், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போட்டுக் குக்கரை மூடினால் மூன்று விசிலில் சாப்பாடு தயார். புரதத்தின் கூறுகளில், அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இந்த அளவில் சுமார் 14 கிராம் புரதம் கிடைக்கும், வேகவைத்த முட்டை ஒன்று சேர்த்தால் 20. ஒரே பாத்திரம், கழுவுவதும் சுலபம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பனியன் யூனிட்டில் பஞ்சுத் தூசு எங்கும் படியும், தீ சட்டென்று பிடித்துக்கொள்ளும். மெஷின் ஹாலில் அடுப்பு வைக்கவே கூடாது. கதவு உள்ள தனி ஆபீஸ் அறையோ வெளித் திண்ணையோ இருந்தால் மட்டும் இண்டக்ஷன் அடுப்பு வைக்கலாம். பெட்டிக்கடை அளவு இடத்தில் தொழில் செய்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. ஷிப்மென்ட் நாளிலும் இது சந்தேகம்தான். வெங்காயம் உரிக்க அன்று யாருக்கும் கை ஒழியாது.

ஞாயிறு சமையல்

வாரம் முழுவதற்கும் ஒரே நாளில் சமைத்து அடுக்கிவைக்கும் முறையை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். ஐந்து டப்பா, ஐந்து நாள். நம் சாப்பாட்டுக்கு அது அப்படியே ஒத்துவராது. தேங்காய் போட்ட பொரியல் இரண்டாம் நாளே வாசம் மாறிவிடும். கீரை கறுத்துப்போகும். நான்கு நாள் பழைய சாம்பாரை ஆரோக்கியம் என்று சொல்லி யாரையும் சாப்பிடவைக்க முடியாது.

சமையலை முடித்துவைக்க வேண்டாம், பாதியில் நிறுத்திவைத்தால் போதும். சனி இரவு கொண்டைக்கடலை ஊறப்போட்டு ஞாயிறு வேகவைத்தால், மூன்று நாளைக்குப் ஃபிரிட்ஜில், மீதி ஃப்ரீசரில். பீன்ஸ், கேரட், முட்டைகோஸ் நறுக்கி, ஈரமில்லாமல் துணி விரித்த டப்பாவில் வைத்தால் புதன் வரை தாங்கும். கத்தரிக்காய், வாழைப்பூவை அன்றன்றைக்குத்தான் நறுக்க வேண்டும். கீரையை ஆய்ந்து, கழுவாமல் காகிதத்தில் சுற்றிவைக்கலாம். தக்காளித் தொக்கு ஒரு வாரம் நிற்கும், புளிக்காய்ச்சல் அதற்கு மேலும். மாவு நான்கு நாள் வரை நன்றாக இருக்கும், அப்புறம் பணியாரம். வெந்தது எதுவானாலும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

இதற்கு ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் ஆகும், வீட்டில் இருக்கும் ஆண்களும் சேர்ந்து உட்கார்ந்தால். காய் நறுக்கத் தெரியாது என்று எந்த ஓனரும் சொல்ல முடியாது. பேட்டர்ன் பார்த்துத் துணி வெட்டும் கைக்கு பீன்ஸ் ஒரு பொருட்டா?

இடையில் டீ

மதியச் சாப்பாட்டை எவ்வளவு சரிசெய்தாலும் டீ அதைக் கவிழ்த்துவிடும். பார்ட்டி வந்தால் டீ, புரோக்கர் வந்தால் டீ, டிரைவர் வந்தால் அவரோடு ஒன்று. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஐந்து டீயில் 40 கிராமைத் தாண்டிவிடும். கலோரியில் பத்து சதவீதத்துக்கு மேல் சர்க்கரை வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், 2000 கலோரிக்கு அது 50 கிராம். அதில் பாதியாகக் குறைப்பது இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. வருகிறவருக்கு டீ சொல்லுங்கள், உங்களுக்குச் சர்க்கரை இல்லாமல் சொல்லுங்கள். மறுத்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நான் எதை எடுப்பேன்

கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் யூனிட் என்றால் மெஸ் கணக்கும் ஞாயிறு முன்தயாரிப்பும் சேர்ந்த ஏற்பாடு. மெஸ்ஸிலிருந்து பாதிச் சோறு, இரட்டைப் பொரியல், முட்டை. காலையில் பையில் போட்டுக்கொண்டு வந்த சுண்டல் ஒரு டப்பா, ஒரு கொய்யா. இதில் யாரும் ஐந்து மணிக்கு எழ வேண்டியதில்லை, ஷிப்மென்ட் நாளிலும் குலையாது. தனி அறையும் உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் குக்கர். வீடு பக்கத்திலேயே இருந்து, பதினொன்றரைக்குச் சமைத்துச் சூடாகக் கொண்டுவர முடிந்தால், கேரியர் எல்லாவற்றையும் முந்திவிடும். காலை ஏழரைக் கேரியரை அதே தட்டில் வைத்து நான் எடைபோட மாட்டேன்.

தனியாளாக அறை எடுத்துத் தங்கித் தொழில் தொடங்கியிருக்கும் தம்பிகளுக்கு மெஸ்தான். ஒரு பாக்கெட் வறுத்த நிலக்கடலையும் தினம் ஒரு பழமும் மேஜை டிராயரில் இருக்கட்டும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் சாப்பாட்டு நேரத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மருந்து போட்டுவிட்டு மூன்று மணி வரை சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். மெஷின் ஓடும் இடத்தில் அது ஆபத்து. ஒரு மணி பெல்லுக்குத் தொழிலாளர்களோடு நீங்களும் எழுந்து போய்ச் சாப்பிடுங்கள். அந்த அரை மணி நேரம் போனை எடுக்க மாட்டீர்கள் என்று மெர்ச்சன்டைசரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.