பிரேசிலின் எத்தனாலா, நார்வேயின் மின்சாரமா?

உலகம் நாளொன்றுக்குப் பயன்படுத்தும் எண்ணெய் 10 கோடி பீப்பாய்க்கு மேல். அதில் பாதிக்கும் அதிகமாகப் போக்குவரத்தே விழுங்குகிறது. அந்தப் பங்கில் துணிந்து கை வைத்த நாடுகள் பிரேசிலும் நார்வேயும். இருவரின் வழியும் வேறு வேறு.

முந்திக்கொண்டது பிரேசில். 1973இல் எண்ணெய் விலை எகிறியபோது தன் தேவையில் பெரும்பகுதியை அது இறக்குமதி செய்துவந்தது. 1975இல், கரும்பிலிருந்து எடுக்கும் எரிபொருளான எத்தனாலுக்கென்று தேசியத் திட்டமே தொடங்கியது. 1980களின் நடுவில் அங்கே விற்ற புதிய கார்களில் மிகப் பெரும்பாலானவை எத்தனாலில் மட்டுமே ஓடுபவை. பிறகு கச்சா எண்ணெய் மலிந்தது, ஆலைகள் சர்க்கரைக்குத் திரும்பின, 1989 வாக்கில் எத்தனாலுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. அரசை நம்பிக் கார் வாங்கியவர்கள் தவித்துப்போனார்கள். 2003இல் வந்த, இரண்டு எரிபொருளிலும் ஓடும் கார்தான் அந்த நம்பிக்கையை மீட்டது. எத்தனாலில் மைலேஜ் குறைவு என்பதால், அதன் விலை பெட்ரோலில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் எத்தனால், தாண்டினால் பெட்ரோல் என்பது அங்கே ஓட்டுபவர்களின் கணக்கு. மக்கள் பக்கம் நிற்கும் ஏற்பாடு இது. ஆனால் கரும்பு விலை ஏறினால் பெட்ரோல் தேவையும் கூடவே ஏறிவிடும்.

இந்தியா இப்போது பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்புக்கு வந்திருக்கிறது. ஆனால் விலை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அந்த உரிமை நம் பெட்ரோல் பங்க்குகளில் இல்லை. பிரேசிலில் கரும்பு பெரும்பாலும் மழையில் விளைகிறது, தமிழ்நாட்டில் பாசன நீரைக் குடித்து விளைகிறது. இந்த வேறுபாட்டைப் பேசாமல் பிரேசிலை உதாரணம் காட்டுவது சரியல்ல.

நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள். 2001 முதலே அவற்றுக்கு மதிப்புக்கூட்டு வரி விலக்கு தந்தார்கள், பெட்ரோல் கார்களுக்குக் கடுமையாக வரி போட்டார்கள். மின்சாரமும் பெரும்பாலும் நீர்மின்சாரம். அந்தக் கார் சாலையில் ஓடும்வரை, எண்ணெய் எவ்வளவு மலிந்தாலும் அதற்குப் பெட்ரோல் தேவைப்படாது. அதனால்தான் என் வாக்கு நார்வேக்கு. எண்ணெய் ஏற்றுமதியால் செழித்த அரசு என்பதால் அவ்வளவு வரியை விட்டுக்கொடுக்க முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டு வழிகளும் தடுமாறும் இடம் டீசல். 2018 மே மாதம் டீசல் விலையை எதிர்த்து பிரேசில் லாரி ஓட்டுநர்கள் சாலைகளை மறித்தபோது, கடைகளில் காய்கறியும் விமானங்களுக்கு எரிபொருளும் தீர்ந்தன. அத்தனை ஆண்டு எத்தனால் திட்டம் அப்போது கைகொடுக்கவில்லை. நார்வே 2015இல் கார்களை ஏற்றிச் செல்லும், மின்கலத்தில் ஓடும் படகையே சேவையில் இறக்கிவிட்டது. ஆனால் அந்நாட்டின் கனரக லாரிகளில் பெரும்பாலானவை இன்னும் டீசலில்தான் ஓடுகின்றன.