செர்ட்ராலினும் தாம்பத்தியமும்: என் நீண்டகால அனுபவம்

மனச்சோர்வுக்குத் தருகிற செர்ட்ராலின் குளிசையை நான் குறை சொல்லமாட்டேன். படுக்கையை விட்டு எழும்ப மனமில்லாமல் கிடந்த என்னைத் திரும்பவும் வேலைக்கு அனுப்பியது அதுதான். ஆனால் தாம்பத்தியத்தில் அது செய்யிற வேலையைப் பற்றி யாழ்ப்பாணத்தில் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. அதுக்காகவே எழுதுகிறேன்.

மனச்சோர்வு முற்றியிருந்த காலத்தில் ஆசையே இல்லை. குளிசை வேலை செய்யத் தொடங்க ஆசை மெல்லத் திரும்பியது. உச்சம் மட்டும் எவ்வளவு நேரமானாலும் வரவில்லை. மூளையில் செரோட்டோனின் என்ற இரசாயனத்தைக் கூட்டுகிற இந்த வகைக் குளிசைகள் பலருக்கும் இப்படிச் செய்யும். இதே வகையைச் சேர்ந்த பரொக்செற்றின் இதில் இன்னும் மோசம். பெண்களுக்கும் வரும், அவர்களிடம் கேட்பார்தான் இல்லை. ஓர் இரவு என்ரை மனுசி, "என்னிலை விருப்பம் இல்லாமப் போச்சோ?" என்று கேட்டா. குளிசை உறையை எடுத்துக் காட்டி எல்லாத்தையும் சொன்னேன். பிறகு அந்தக் கேள்வி வரவேயில்லை.

கிளினிக்கில் சொல்வதுதான் பெரும்பாடு. ஒரே அறைக்குள் இரண்டு மேசை, முதுகுக்குப் பின்னால் வரிசை, வரிசையில் தெரிஞ்ச முகங்கள். ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுத்தேன். டொக்டர் வாசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இது குளிசைக்கு முந்தியே இருந்ததோ, போடத் தொடங்கின பிறகு வந்ததோ?" இதுக்குப் பதிலை யோசித்துக்கொண்டு போங்கோ. நோயால் வந்ததென்றால் செய்யவேண்டியது வேறு.

முதலில் 100 மில்லிகிராமை 50 ஆக்கினார். கொஞ்சம் சுகம், ஆனால் விடியப்புறத்துப் பதகளிப்பு திரும்பவும் தலைகாட்டியது. பிறகு படிப்படியாக மிர்ட்டசபின் என்ற வேறு வகை மனச்சோர்வுக் குளிசைக்கு மாற்றினார். தாம்பத்தியம் பழையபடி வந்தது. இதிலும் குறை உண்டு: இராச்சாப்பாடு முடிந்தும் பசிக்கும், நிறை கூடும், காலமை மந்தமாக இருக்கும். எனக்கு இது பொறுக்கக்கூடியது.

தயவுசெய்து தன்பாட்டில் நிப்பாட்டாதேங்கோ. சடுதியாக விட்டால் தலைச்சுற்று, குமட்டல், தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி ஓர் உணர்வு எல்லாம் வரலாம், நோயும் திரும்பலாம். வைத்தியரின் துண்டில்லாமல் பாமசியில் சில்டெனபில் (வயாகரா) வாங்கிப் போடுறதும் வேண்டாம். வைத்தியர் பார்த்துத் தந்தால் சிலருக்கு அது உதவும். ஆனால் நெஞ்சுநோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையோடு சேர்ந்தால் பிறசர் உயிராபத்தான அளவுக்கு விழும்.

கிளினிக் வாசலை மிதிக்கவே கூச்சமென்றால் 1926க்கு எடுங்கோ. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் கதைக்கலாம்.