கார் விற்கும்போது கழற்றி வைத்த பாகங்களை முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள்

பதினொரு வருடம் வைத்திருந்த மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரைப் போன மாதம் விற்கப் பார்த்தேன். எஃப்டி என்கிற மூன்றாம் தலைமுறை மாடல், 1993. கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பறிபோனது வேறு.

இந்த வண்டிக்கு பிஸ்டன் எஞ்சின் கிடையாது. 1.3 லிட்டர் 13பி ரோட்டரி எஞ்சின். இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும். கம்பெனியே இரண்டு டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வைத்துத்தான் அனுப்பியது: முதலில் ஒன்று வேலை செய்யும், ஆர்பிஎம் ஏறியதும் மற்றது சேர்ந்துகொள்ளும். அதை ஆட்டிவைக்கும் வேக்யூம் குழாய்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், நான் பெரிய ஒற்றை டர்போவுக்கு மாறிவிட்டேன். கழற்றிய ஜோடி டர்போ, ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), பைப்புகள் எல்லாவற்றையும் துணியில் சுற்றி ஒரு பெட்டியில் வைத்திருந்தேன். 2002-இல் உற்பத்தி நின்ற வண்டி. பழையபடி மாற்ற நினைப்பவருக்கு அந்தப் பெட்டி பொக்கிஷம்.

வாங்க வந்தவர் போனில் கேட்ட முதல் கேள்வியே, "கம்ப்ரஷன் எவ்வளவு சார் இருக்கு?" எஞ்சினுக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்பதுதான் கம்ப்ரஷன்; எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை அது காட்டும். அந்தக் கேள்வியிலேயே விழுந்துவிட்டேன். விஷயம் தெரிந்த ஆள் என்று நினைத்தேன். தெரிந்த ஆள்தான், அதுதான் வினையே.

நேரில் வந்தார், அட்வான்ஸ் கொடுத்தார். "பெட்டியை மட்டும் இப்ப எடுத்துட்டுப் போறேன் சார், எங்க மெக்கானிக் ஒரு தடவை பார்க்கட்டும்" என்றார். அட்வான்ஸ் கையில் இருக்கிறதே என்று கொடுத்தேன். ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக்கோடு வந்து கம்ப்ரஷன் பார்த்தார். கொண்டு வந்தது சாதாரண பிஸ்டன் எஞ்சின் கேஜ். ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள். ரோட்டரி டெஸ்டர் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும், அளவை 250 ஆர்பிஎம்முக்குக் கணக்கிட்டும் சொல்லும். சாதாரண கேஜில் ஊசி மூன்றில் அதிகமானதில் போய் நின்றுவிடும். அதை வைத்துக்கொண்டு அந்த மெக்கானிக், "ஒரு முகம் போச்சு, அபெக்ஸ் சீல் காலி" என்றார். ரோட்டரின் முனைகளில் காற்று கசியாமல் அடைக்கும் பட்டைதான் அபெக்ஸ் சீல். அப்படி ஒரு முகம் போயிருந்தால் அந்த கேஜ் அதை மறைக்கத்தான் செய்யுமே தவிர, காட்டாது! எனக்கு இது தெரியும். ஆனாலும் சொந்த வண்டியில் குறை என்று ஒருவன் அடித்துச் சொல்லும்போது வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கச் சொன்னார். மறுத்தேன். கோபப்படவே இல்லை. "சரி சார், அப்ப வேணாம்" என்று பெட்டியை இறக்கி வைத்து, அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். நானும் மேலோட்டமாகத் திறந்து பார்த்து, எல்லாம் இருக்கிறது என்று மூடிவிட்டேன்.

ராத்திரிதான் டர்போவை வெளியே எடுத்தேன். அதே ஹிட்டாச்சி டர்போ, ஆனால் என்னுடையது இல்லை. ஷாஃப்ட் கையால் தொட்டாலே ஆடியது, ஹவுசிங்கில் விரிசல். போன் செய்தால், "நீங்க கொடுத்ததுதானே சார்" என்றார். அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வி, உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம்? காரை நூறு கோணத்தில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். டர்போவின் நம்பர் தெரிகிற மாதிரி ஒன்றுகூட இல்லை.

யோசித்துப் பார்த்தால், அந்த ஆள் வண்டியை ஓட்டிப் பார்க்கவே கேட்கவில்லை. எஃப்டி வாங்க வந்தவன் ஓட்டிப் பார்க்கக் கேட்காமல் இருப்பானா? அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இப்போது பெட்டியில் மிச்சமிருக்கும் ஒவ்வொன்றையும் நம்பரோடு படம் எடுத்துவிட்டேன். இனி முழுப் பணம் வந்து, காரோடு சேர்ந்துதான் பெட்டி வாசலைத் தாண்டும். போன வாரம் சரியான டெஸ்டரில் கம்ப்ரஷனும் பார்த்தேன். ஆறு முகங்களும் ஏறக்குறைய ஒரே அளவு.